கருவாட்டுப் பரணிலிருந்து பதிவாளர் அலுவலகம் வரை: கடற்கரையில் தொழில் சங்கம் அமைக்க முழுமையான வழிகாட்டி

மணலில் காயவைத்த நெத்திலியை ஒரு கைப்பிடி எடுத்து உதறிப் பாருங்கள். எவ்வளவு உதறினாலும் வாயில் போட்டால் நறநறக்கும். அந்த நறநறப்பைக் காட்டித்தான் வியாபாரி விலையைக் குறைக்கிறார். எங்கள் தெருவில் ஓர் அக்கா இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டிப் பரண் அமைத்து, அதன்மேல் மீனைக் காயவைத்தார். மணல் ஒரு துளி இல்லை; நிறமும் வெள்ளிபோல் இருந்தது. ஆனால் அவருக்கு விலை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. லாரியில் ஏறும்போது அவருடைய மூட்டையும் மணலில் காய்ந்த மூட்டைகளும் ஒன்றாகத்தானே போகின்றன? "பாம்பன் பக்கத்துச் சரக்கா, மணல் இருக்கும்" என்று மதுரைச் சந்தையில் சொல்லிவிட்டால் முடிந்தது. கெட்ட பெயர் ஊருக்கு வருகிறது. ஒருவர் மட்டும் திருந்தினால் அது போகாது.

தொழில் சங்கம் எதற்கு என்று யார் கேட்டாலும் நான் இந்த நெத்திலியைத்தான் சொல்கிறேன். கருவாடு, நண்டு, கடற்பாசி, பனைவெல்லம், ஐஸ், படகு என்ஜின் பழுதுபார்ப்பு என்று நம் கடற்கரையில் சிறு தொழில் செய்யும் எல்லாரும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகளாக ஒரு சிறிய சங்கத்தின் கணக்குப் புத்தகம் என் கையில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் சாயல்குடியிலிருந்து தொண்டி வரை பல ஊர்களில் சங்கம் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில்: நமக்கு வேண்டியது எந்தச் சங்கம்?

நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'சங்கம்' என்றே பெயர். ஊர்ச் சங்கம், சாதிச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம் என எல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கூலி உயர்வு, வேலை நேரம், வேலைநீக்கம் ஆகியவற்றுக்காக முதலாளியிடம் பேசுவது தொழிலாளர்களின் தொழிற்சங்கம். அதற்குச் சட்டமும் வேறு, பதிவாளரும் வேறு. உறுப்பினர்களின் சரக்கைச் சேர்த்து வாங்கி, சேர்த்து விற்று, லாபத்தைப் பங்கு போடுவது கூட்டுறவுச் சங்கத்தின் வேலை, அல்லது உற்பத்தியாளர் நிறுவனத்தின் வேலை. கூட்டுறவுக்கு 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இருக்கிறது.

இங்கே நான் பேசுவது லாப நோக்கமற்ற தொழில் சங்கத்தைப் பற்றி. அது தானே சரக்கு விற்காது, லாபத்தைப் பங்கிடாது. தொழிலின் தரத்தைக் காப்பது, உறுப்பினர்களுக்குப் பயிற்சி தருவது, அரசிடம் ஒரே குரலில் பேசுவது, உறுப்பினர்களுக்குள் எழும் சச்சரவைத் தீர்ப்பது, தொழிலுக்கு ஒரு நல்ல பெயரை உண்டாக்கி அதைக் கட்டிக்காப்பது என்பவையே அதன் வேலைகள். லாப நோக்கமற்றது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சங்கத்தின் கையில் ஆண்டு இறுதியில் பணம் மீதி இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அந்த மீதியை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது. சங்கத்தின் நோக்கத்துக்கே செலவிட வேண்டும். அவ்வளவுதான்.

சேர்ந்து விற்பதுதான் உங்கள் முதல் தேவை என்றால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டுக் கூட்டுறவு பற்றி விசாரியுங்கள். தவறான அமைப்பைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு மாற்ற அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவுக்கு முன் மூன்று மாதம்

லெட்டர்பேடு அச்சடிக்காதீர்கள். பெயர்ப்பலகை வேண்டாம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே ஒரு வேலையைச் செய்து காட்டுங்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது தராசு. வீட்டில் 22 கிலோ இருந்த வாளைக் கருவாட்டு மூட்டை, வாங்க வந்தவரின் தராசில் இருபதரைதான் காட்டும். "வெயிலில் நீர் வற்றியிருக்கும் அக்கா" என்பார். ஒருவர் எதிர்த்துக் கேட்டால் அடுத்த வாரம் அவர் வீட்டு வாசலில் லாரி நிற்காது. ஆகவே யாரும் கேட்பதில்லை. நாங்கள் ஒன்பது பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு ஒரு மின்னணுத் தராசு வாங்கினோம். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் கொண்டுபோய் முத்திரை வைத்தோம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை வைக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். தராசை ஒரு பொதுத் திண்ணையில் வைத்தோம். லாரி வருவதற்கு முன்பே ஒவ்வொரு மூட்டையும் அதில் ஏறியது. எடை ஒரு நோட்டில் எழுதப்பட்டது. மூட்டையின் மேல் கரியால் அதே எண் குறிக்கப்பட்டது.

முதல் வாரம் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் வாரம் தன் தராசையே கீழே இறக்கவில்லை. யாரும் சண்டை போடவில்லை, யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. நோட்டில் இருந்த எண் பேசியது.

அந்த நோட்டுதான் எங்கள் சங்கம் என்பேன். பதிவுச் சான்றிதழ் அதற்கு எட்டு மாதம் கழித்து வந்தது. உங்கள் ஊரில் அது தராசாக இல்லாமல் இருக்கலாம். ஐஸ் கட்டியின் எடை, குடிநீர்க் குழாய், கரைக்கு வரும் பாதை, நண்டுக் கம்பெனியின் தரம் பிரிப்பு என எதுவாகவும் இருக்கலாம். மூன்று மாதத்தில் செய்து முடிக்கக்கூடியதாகவும், தனியாக ஒருவரால் செய்ய முடியாததாகவும் இருக்க வேண்டும்.

கூட்டம் எந்த நேரத்தில் கூடுகிறது என்பதையும் இப்போதே கவனியுங்கள். கருவாட்டுத் தொழிலில் முக்கால்வாசி உழைப்பு பெண்களுடையது. அதிகாலையில் படகு கரையேறும், உடனே ஏலம், பிறகு மீனை வெட்டிக் கழுவி உப்பில் போட வேண்டும். வெயில் ஏறியதும் புரட்டிப் போட வேண்டும். மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் அடுப்படி வேலை குறுக்கே நிற்கும். எங்களுக்குப் பிற்பகல் மூன்று மணிதான் பொருந்தியது. அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு கூட்டத்துக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது.

விதிமுறைகளை எழுதுதல்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். கணினி மையத்தில் வேறொரு சங்கத்தின் விதிமுறையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். அதில் கையெழுத்துப் போட்ட சங்கங்கள் முதல் சச்சரவு வந்த அன்றே தடுமாறுகின்றன.

பதிவுக்கு இரண்டு ஆவணங்கள் வேண்டும். ஒன்று, சங்கத்தின் பெயர், நோக்கங்கள், முதல் உறுப்பினர்கள் யார் என்று சொல்லும் அமைப்புக் குறிப்பு. இன்னொன்று, சங்கம் எப்படி நடக்கும் என்று சொல்லும் துணைவிதிகள். 'பைலா' என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 எந்தெந்த நோக்கங்களுக்குச் சங்கம் பதியலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. கல்வி, கைவினை, குடிசைத் தொழில், சமூக சேவை, பயனுள்ள அறிவைப் பரப்புதல் ஆகியவை அதில் இருக்கின்றன. உங்கள் நோக்கங்களை இந்தச் சொற்களோடு பொருந்தும்படி எழுதுங்கள். 'உறுப்பினர்களுக்கு லாபம் ஈட்டித் தருதல்' என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும்.

துணைவிதியில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில கேள்விகளுக்கு மட்டும் தெளிவான பதில் இருக்க வேண்டும். யார் உறுப்பினராகலாம்? கருவாடு காயவைப்பவரா, வாங்கி விற்பவருமா? இருவரும் ஒரே சங்கத்தில் இருந்தால் தராசுப் பேச்சு எழும்போது கூட்டம் இரண்டாகப் பிரியும். எங்கள் சங்கத்தில் காயவைப்பவர்கள் மட்டுமே முழு உறுப்பினர்கள். வியாபாரிகள் பார்வையாளர்களாக வரலாம், வாக்கு கிடையாது. சந்தா எத்தனை மாதம் கட்டாவிட்டால் வாக்குரிமை நிற்கும்? கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னதாக அறிவிப்பு? எங்கள் விதியில் பொதுக்குழுவுக்கு 21 நாள். குறைந்தபட்சம் எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்? உறுப்பினரை நீக்குவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்பது யார்?

செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, அவர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டத்தின் வரம்பு. மூன்று ஆண்டு முடிந்ததும் அதே ஆளைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பதைத் தடுக்க நாங்கள் இன்னொரு வரியும் சேர்த்தோம்: ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது. பொருளாளர் பதவியிலிருந்து நான் இறங்கியதும் இந்த விதியால்தான். இப்போது கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை என்னிடம் இல்லை. அதுவே சரி.

கடைசியாக, சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு? இதை எழுதும்போது எல்லாரும் முகம் சுளிப்பார்கள். பிள்ளை பிறக்கும்போதே சாவைப் பற்றிப் பேசுவதா என்பார்கள். பேசித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு முன்பு இதே தெருவில் இன்னொரு சங்கம் இருந்தது. அதன் கொட்டகைக்கு வாங்கிய இடம் அப்போதைய தலைவரின் பெயரில் பதிவாகியிருந்தது. அவர் நல்ல மனிதர்தான். சங்கம் பதிவாகாததால் தன் பெயரில் வாங்கி வைத்தார். அவர் இறந்த பிறகு இடம் வாரிசுகளுக்குப் போனது. சங்கமும் அதோடு போனது. மீதிச் சொத்து உறுப்பினர்களுக்குப் பிரியாமல் இதே நோக்கமுள்ள இன்னொரு சங்கத்துக்குச் செல்லும் என்று எழுதிவிடுங்கள். வருமான வரி விலக்குக்கு விண்ணப்பிக்கும்போதும் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

பதிவு

இது நினைப்பதைவிட எளிது. குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கை 20ஐத் தொட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். நம் மாவட்டத்துக்கு ராமநாதபுரத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரோடு உங்கள் பெயர் ஒத்திருக்கக் கூடாது. அரசு அமைப்பு என்று தோன்றும்படியான சொற்களுக்கு 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் பற்றிய சட்டம் தடை போடுகிறது. மூன்று பெயர்களை எழுதிக் கொண்டுபோங்கள்.

அலுவலக முகவரிக்குச் சான்று, முதல் உறுப்பினர்களின் அடையாளச் சான்று, கையெழுத்திட்ட இரண்டு ஆவணங்கள், கட்டணம் ஆகியவை போதும். முகவரிக்கு ஓர் உறுப்பினரின் வீட்டைக் கொடுக்கிறீர்கள் என்றால் அவருடைய ஒப்புதல் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவானதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தாக்கல் செய்யாமல் பல ஆண்டுகள் விட்டுவிட்ட சங்கங்கள், ஏதாவது ஒரு திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விழித்துக்கொள்கின்றன.

எப்போது தணிக்கை, எப்போது பொதுக்குழு என்பதற்கு இந்தக் கடற்கரையே ஒரு நாள்காட்டி வைத்திருக்கிறது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வரத்துக் குறைவு, கைகளுக்கு ஓய்வு. ஏப்ரல் கடைசியில் கணக்கைத் தணிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, மே இறுதியில் பொதுக்குழு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பரணே காயாது. அந்த மாதங்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்

சங்கத்தின் பெயரில் பான் எண், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய் சந்தாகூட வாங்காதீர்கள். ரசீதுப் புத்தகத்தில் எண் அச்சிட்டிருக்க வேண்டும். தவறாக எழுதிய ரசீதைக் கிழிக்கக் கூடாது; குறுக்கே கோடு போட்டு அப்படியே வைத்திருங்கள்.

சந்தாவைச் சிறியதாக வையுங்கள், ஆனால் கறாராக வாங்குங்கள். மாதம் 30 ரூபாயை ஒழுங்காகக் கட்டும் நாற்பது பேர், ஆயிரம் ரூபாய் நன்கொடை தரும் ஒருவரைவிடச் சங்கத்துக்குப் பலம். பெரிய நன்கொடை தருபவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு தீர்மானத்தையும் கூடவே கொண்டுவருவார்.

பதிவு செய்த சங்கத்துக்கு வருமான வரி தானாகவே விலகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அப்படி இல்லை. விலக்குக்கு வருமான வரித் துறையிடம் தனியாகப் பதிய வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்தோ வெளிநாட்டு அமைப்புகளிடமிருந்தோ வரும் பணத்துக்கு 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி முன்கூட்டியே பதிவோ அனுமதியோ வேண்டும். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அன்போடு அனுப்புவதாக இருந்தாலும் முதலில் ஒரு தணிக்கையாளரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உறுப்பினர்கள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளும் வேலை

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். மற்ற எல்லாவற்றையும் பணம் கொடுத்து ஒருவரைச் செய்யச் சொல்லலாம். இதைச் சொல்ல முடியாது. அரசிடம் கேட்பதற்கு முன், தன் உறுப்பினர்களிடம் கேட்கத் தெரிந்த சங்கத்தின் பேச்சுக்குத்தான் அரசும் சந்தையும் காது கொடுக்கின்றன.

இது புதிய கருத்தும் இல்லை, வெளியிலிருந்து வந்த கருத்தும் இல்லை. தொண்டிக்கு வடக்கே தீர்த்தாண்டதானத்தில் பாண்டியர் காலத்து 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுக்கள் ஒன்றுகூடி, தங்கள் சரக்குகளின் மேல் தாங்களே ஒரு தொகையை விதித்துக்கொண்டு கோயில் பணிக்குக் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. இதே கரையில், வெவ்வேறு சமயத்தையும் நாட்டையும் சேர்ந்த வணிகர்கள், மேலே இருந்து யாரும் விதிக்காமல் தங்களுக்குள் பேசி விதித்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு வந்தால், பாம்பன் சின்னப்பாலம் முதலிய ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாக அந்தத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் கடற்பாசிகளை எடுத்து வந்த பெண்களுக்கு அதன்பின் வனத்துறையோடு ஓயாத இழுபறி. அவர்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் கடலில் இறங்குவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைக் கைவிட்டு விரலில் துணி சுற்றிக் கையாலேயே பறிப்பது, வேரோடு பிடுங்காமல் மறுபடி வளர விடுவது என்பவை அந்த விதிகள். அவர்களின் தலைவிகளில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது. கண்ணாடியை முகத்தில் இறுக்கிக்கொண்டு மூச்சடக்கி இறங்கும் அந்தப் பெண்களுக்கு ஒரு நாள் வருமானத்தை விடுவது சின்ன விஷயம் இல்லை. மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்களை அவர்களே விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு 'இவர்கள் கடலை அழிக்கிறார்கள்' என்று யாராலும் எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை.

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும், நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் கடலுக்குப் போகும் ஏற்பாடும் இப்படித்தான் வந்தது. வலை அறுபட்டு, கைகலப்பாகி, பேச்சுவார்த்தையில் முடிந்த ஒன்று. அதில் குறைகள் உண்டு, மீறல்கள் உண்டு. ஆனாலும் பல பத்தாண்டுகளாக நிற்கிறது.

சரி, ஒரு சிறு சங்கம் இதை எப்படிச் செய்வது? எங்கள் பரண் விதியைச் சொல்கிறேன். 'மணலில் காயவைக்கக் கூடாது' என்று தீர்மானம் போட்டோம். ஒரு மாதம் யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது: கம்புக்கும் வலைக்கும் காசு இல்லை. தீர்மானத்தைத் திருத்தினோம். சங்கப் பணத்தில் சவுக்குக் கம்பு மொத்தமாக வாங்கினோம். விசைப்படகுக்காரர்களிடம் கிழிந்த வலைகளைக் கேட்டு வாங்கினோம். ஒவ்வொரு வாரமும் இரண்டு வீட்டுக்குப் பரண் கட்டினோம். எல்லாரும் போய்க் கட்டினோம். கடைசி வீட்டுக்குப் பரண் எழுந்த பிறகுதான் விதி நடைமுறைக்கு வந்தது. மீறினால் முதல் முறை இருவர் நேரில் போய்ச் சொல்வார்கள். இரண்டாம் முறை, விதிப்படி காயவைத்த மூட்டை என்று காட்டச் சங்கம் கட்டும் அடையாளத் துணி அந்த மூட்டையில் கட்டப்படாது. மூன்றாம் முறை செயற்குழுவுக்கு முன் வர வேண்டும்.

பதினோரு ஆண்டுகளில் மூன்றாம் முறை வரை போனது இரண்டு பேர். அவர்களில் ஒருவர் அப்போதைய தலைவரின் சொந்தத் தங்கை. தலைவர் அன்று நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய் நின்றார், மற்றவர்கள் விசாரித்தார்கள், மூன்று வாரம் துணி கட்டக் கூடாது என்று முடிவானது. அந்த அக்கா அழுதுகொண்டே போனார். அடுத்த மாதம் அவர் வீட்டுப் பரண்தான் தெருவிலேயே உயரமான பரண். அந்த ஒரு நாளுக்குப் பிறகு யாரும் 'வேண்டியவர்களுக்கு ஒரு விதி' என்று பேசவில்லை.

தரத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் சூரிய உலர்த்திகள் உருவாக்கியிருக்கிறது. ஒருவர் தனியாகப் போய் நின்றால் காத்திருக்கச் சொல்வார்கள். நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட சங்கக் கடிதத்துக்குப் பயிற்சித் தேதியே கிடைக்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் முகாம் போட்டு முடித்துவிடலாம்.

அரசு அலுவலகத்தில்

ஒருமுறை எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். ஏழு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். எங்களிடம் நகல் இல்லை, ஒப்புகை இல்லை. மீனைக் கழுவும் நீருக்காக அந்த ஏழு மாதமும் பெண்கள் குடம் சுமந்தார்கள். அன்று முதல் ஒரு விதி வைத்தோம். மனு இரண்டு பிரதி. இரண்டாவதில் தேதியோடு முத்திரை. அது கோப்பில் சேர்ந்த பிறகுதான் போனவர் வீட்டுக்குப் போகலாம்.

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை எழுதுங்கள். யாரிடம் அந்த அதிகாரம் இருக்கிறதோ அவருக்கே எழுதுங்கள். கோரிக்கைக்குக் கீழே உங்கள் நோட்டிலிருந்து எண்களைக் கொடுங்கள்: எத்தனை குடும்பம், நாளுக்கு எவ்வளவு மீன், எத்தனை குடம் தண்ணீர். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த உரிமை குடிமக்களுக்கு உரியது. ஆகவே சங்கத்தின் பெயரில் அனுப்பாமல் செயலாளர் தன் சொந்தப் பெயரில் அனுப்ப வேண்டும். இது தெரியாமல் திரும்பி வந்த கடிதங்கள் பல.

தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். ஒரே கோரிக்கைப் பட்டியலை எல்லாருக்கும் கொடுங்கள். சங்கத் திண்ணையில் கொடி கட்ட விடாதீர்கள். தலைவரின் கட்சி எது என்று கேட்டுச் சங்கத்தை எடைபோடும் நிலை வந்துவிட்டால், ஆட்சி மாறும்போதெல்லாம் சங்கமும் ஊமையாகிவிடும்.

விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை

'சங்கமே விலையை நிர்ணயித்துவிட்டால் என்ன?' என்ற கேள்வி ஒவ்வொரு பொதுக்குழுவிலும் வரும். கேட்பவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் செய்யக் கூடாது. போட்டியாளர்கள் கூடி விலையை முடிவு செய்வதையும், சந்தையைப் பங்கு போடுவதையும் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. சங்கத்தின் தீர்மானமும் அதில் அடங்கும். மருந்து வணிகர் சங்கங்கள்மேல் இந்தியப் போட்டி ஆணையம் நடவடிக்கை எடுத்து உத்தரவுகள் போட்டிருக்கிறது. பெரியவர்களுக்குத்தானே என்று எண்ண வேண்டாம்.

செய்யக்கூடியது இருக்கிறது. நேற்று எந்தச் சந்தையில் என்ன கருவாடு என்ன விலைக்குப் போனது என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். நாளை இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று எழுதாதீர்கள். நேற்றைய விலை தெரிந்தவரை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. எங்கள் பலகையில் தினமும் காலை எழுதுவது பள்ளிக்குப் போகும் ஒரு பெண்பிள்ளை; சாக்பீஸ் செலவு மாதம் 20 ரூபாய்.

சங்கமாக இருந்தால் மட்டுமே கிடைப்பது

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஒரு வட்டாரத்துக்கே உரிய சரக்கின் பெயரைச் சட்டப்படி காக்கும் பதிவு அது. புவிசார் குறியீட்டைத் தனி ஒருவர் தன் பெயரில் கேட்க முடியாது. உற்பத்தியாளர்களின் நலனுக்காக நிற்கும் ஒரு சங்கமோ அமைப்போதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அந்தப் பெயரைத் தனக்கென்று வாங்க முடியாது. அது மண்ணுக்கும் அதில் உழைப்பவர்களுக்கும் உரியது. ஊர்ப் பெயரைச் சட்டம் இப்படிக் காக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு எங்கள் நெத்திலி மூட்டைகள்தான் கண்முன் வந்தன. உங்கள் தொழிலில் இந்தக் கரைக்கே உரிய சரக்கு ஒன்று இருந்தால் இன்றே எழுதத் தொடங்குங்கள்: எப்போதிலிருந்து செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், எங்கிருந்து உப்பு வருகிறது, எந்தக் காற்றில் காய்கிறது. முதியவர்களிடம் கேட்டுத் தேதியிட்டு எழுதிய நோட்டு பின்னாளில் சான்றாக நிற்கும்.

பொறுப்பை மாற்றிக் கொடுத்தல்

நிர்வாகிகள் மாறும் நாளில் பல சங்கங்கள் உடைகின்றன. பழையவர் கோபத்தில் புத்தகங்களை வீட்டிலேயே வைத்துக்கொள்வார். புதியவர் வெறும் நோட்டில் தொடங்குவார். ஒப்படைப்புப் பட்டியல் ஒன்றை இப்போதே தயாரித்து, தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எங்களுடையது இது: பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதி, தீர்மானப் புத்தகங்கள், உறுப்பினர் பதிவேடு, ரசீதுப் புத்தகங்கள் எண் வரிசையில், வங்கிப் புத்தகமும் காசோலையும், பான் அட்டை, சங்க முத்திரை, மனுக் கோப்பு, தராசும் அதன் முத்திரைச் சான்றும், அடையாளத் துணிகள் எண்ணி, திண்ணைப் பெட்டியின் இரண்டு சாவிகள்.

பொதுக்குழு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்து, பழையவர் வாசிக்க, புதியவர் கையில் வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. போன முறை துணியில் இரண்டு குறைந்தது. எல்லாரும் உட்கார்ந்திருக்க, தேடி எடுத்துவந்த பிறகுதான் கூட்டம் முடிந்தது.